வைஸ் சிட்டியும் 128 எம்பி ரேமும் - மெதுவாய் ஓடிய கம்ப்யூட்டர்களின் கதை

கம்ப்யூட்டரில் கேம் ஆடியவர்களுக்கு "ஸ்லோ" என்ற வார்த்தைக்கு அகராதி தேவையில்லை. பைக் வளைவில் திரும்பிவிடும், படம் திரும்பாது. சுட்டு முடித்த பிறகுதான் எதிரி கண்ணுக்கே தெரிவான். கடைசியில் ஸ்கிரீன் அப்படியே உறைந்து நிற்கும். ஸ்பீக்கரில் மட்டும் ஒரே சத்தம் தேய்ந்த ரெக்கார்டு போலத் திரும்பத் திரும்பக் கேட்கும்!

இதை ஒரு தொல்லையாக மட்டும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு பகுதி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்தது. இன்னொரு பகுதி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளின் ஹாலில், அப்பாவுக்குத் தெரியாமல் நடந்தது.

முதலில் வெளியூர்க் கதை.

1978-ல் ஜப்பானைச் சேர்ந்த டோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற கேமை உருவாக்கினார். மேலிருந்து 55 வேற்றுக்கிரகவாசிகள் இறங்கி வருவார்கள், கீழிருந்து சுட வேண்டும். அதில் இருந்த இன்டெல் 8080 ப்ராசஸரால் 55 பேரையும் ஒரே நேரத்தில் வேகமாக நகர்த்த முடியவில்லை. அதனால் ஆரம்பத்தில் கூட்டம் ஆமை போல நகர்ந்தது. சுடச் சுட ஆள் குறையும், ப்ராசஸரின் சுமையும் குறையும், மிச்சம் இருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். கடைசி ஒருவன் பறப்பான்! நிஷிகாடோ இதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கேமின் விறுவிறுப்பே அதனால்தான் வந்தது. ஆக, மெஷினின் இயலாமைதான் கேமின் சுவாரசியம் ஆனது.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி அப்போது பல கேம்களை எழுதிவிட்டார்கள். பின்னால் வேகமான கம்ப்யூட்டர்கள் வந்தபோது பிரச்சினை தலைகீழானது. கேம் தலைதெறிக்க ஓடியது. இதற்காகத்தான் பல கம்ப்யூட்டர்களின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பட்டன் வைத்தார்கள். பெயர்தான் டர்போ. அது எதற்குப் பயன்பட்டது தெரியுமா? வேகத்தைக் குறைப்பதற்கு!

1993 டிசம்பரில் 'டூம்' வந்தது. அதில் கூட்டல், கழித்தல் கீகளை அழுத்தினால் விளையாட்டுத் தெரியும் சதுரத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். மெஷினில் சக்தி இல்லாதவர்கள் சதுரத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிக்கொண்டு ஆடினார்கள். அழகைக் கொடுத்து வேகத்தை வாங்கும் இந்தப் பண்டமாற்றுதான் அதற்குப் பிறகு எல்லா கேம்களிலும் 'செட்டிங்ஸ்' என்ற பெயரில் தொடர்கிறது.

கம்ப்யூட்டர் புறநகருக்கு வந்த வழி

1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அதன்படி கம்ப்யூட்டர், அதன் உதிரி பாகங்கள் மீதான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2005-க்குள் பூஜ்யமானது. பொருளாதாரப் பாடத்தில் ஒரு வரியாக வந்து போகும் இந்த ஒப்பந்தம், நடைமுறையில் மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருவில் ஒரு திருவிழாவையே கொண்டுவந்தது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். மதர்போர்டு ஒரு கடை, ஹார்ட் டிஸ்க் இன்னொரு கடை, டப்பா மூன்றாவது கடை. பில் இல்லாமல் ஒரு விலை, பில்லோடு ஒரு விலை!

இப்படிப் பிறந்ததுதான் 'அசெம்பிள்ட்' கம்ப்யூட்டர். பெரிய கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2005-ல் எச்.சி.எல். நிறுவனம் ரூ.9,990 விலையில் ஒரு கம்ப்யூட்டரையே கொண்டு வந்தது. எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவரும் டாங்க் ஃபேக்டரி ஊழியரும் கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒன்று வாங்கித் தர முடியும் என்ற நிலை வந்தது.

வாங்கிய காரணம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "பையன் படிப்புக்கு." பையன் முதலில் இன்ஸ்டால் செய்ததும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டியதில்லை :-)

இங்கேதான் சிக்கல். படிப்புக்கு வாங்கும் கம்ப்யூட்டரில் தனி கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு? எனவே மதர்போர்டிலேயே இருக்கும் 'ஆன்-போர்டு' கிராஃபிக்ஸோடு விட்டுவிடுவார்கள். 2002-ல் வந்த இன்டெல் 845ஜி, 2003-ல் வந்த 865ஜி, 2004-ல் வந்த 915ஜி என்ற இந்த வரிசைதான் பல வீடுகளின் தலையெழுத்தை எழுதியது.

குடித்தனக்காரர் கேட்கும் இடம்

ஆன்-போர்டு கிராஃபிக்ஸுக்குச் சொந்தமாக நினைவகம் கிடையாது. கம்ப்யூட்டரின் ரேமிலிருந்தே பங்கு எடுத்துக்கொள்ளும். ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. 2003-ல் பிசிக்கு வந்த 'வைஸ் சிட்டி' குறைந்தபட்சம் கேட்டது 800 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 128 எம்பி ரேம், 32 எம்பி கிராஃபிக்ஸ் நினைவகம். வீட்டில் இருப்பதும் 128 எம்பி என்றால் டப்பாவின் பின்பக்கம் படித்தவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த 128-லிருந்துதான் கிராஃபிக்ஸுக்கு 32 போக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியும் ஆன்டிவைரஸும் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். கேமுக்கு மிஞ்சுவது திண்ணைதான்.

இடம் போதாதபோது விண்டோஸ் என்ன செய்யும்? ரேமில் இருப்பதைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஹார்ட் டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால்தான் கேம் திக்கும்போதெல்லாம் டப்பாவின் முகப்பில் சிவப்பு லைட் விடாமல் எரிந்தது. அந்த லைட்டைப் பார்க்கத் தெரிந்தவனுக்குப் பாதி நோய் புரிந்துவிடும். லைட் விடாமல் எரிந்தால் ரேம் பற்றாக்குறை. லைட் அமைதியாக இருந்தும் கேம் திக்கினால் குற்றவாளி வேறு யாரோ.

அந்த வேறு யாரோ பெரும்பாலும் கிராஃபிக்ஸ்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. 1024x768 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 7,86,432 புள்ளிகள். 640x480 என்றால் 3,07,200 புள்ளிகள்தான். வேலை பாதிக்கும் கீழே குறைகிறது. இப்படிக் குறைத்ததும் கேம் வேகமெடுத்தால் கிராஃபிக்ஸ்தான் இடைஞ்சல். குறைத்தும் அப்படியே இருந்தால் ப்ராசஸரையோ ரேமையோதான் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற இந்த முறையை லேபில் பிசிக்ஸ் வாத்தியார் சொன்னபோது கவனிக்காத பையன்கள், வீட்டில் தானாகவே செய்தார்கள்.

வைஸ் சிட்டியில் இன்னும் இரண்டு வித்தைகள் இருந்தன. 'டிரெயில்ஸ்' என்ற ஒளிவிளைவை நிறுத்தினால் கண்ணுக்குப் பெரிய இழப்பில்லை, வேகம் நன்றாகவே கூடும். 'டிரா டிஸ்டன்ஸ்' என்பதைக் குறைத்தால் தூரத்துக் கட்டடங்கள் பக்கத்தில் போன பிறகுதான் முளைக்கும். பரவாயில்லை, மார்கழி மாத மூடுபனியில் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

865ஜி வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஒரே ஒரு 512 எம்பி ரேம் போடுவதைவிட, சமமான இரண்டு 256-ஐச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் நினைவகத்துக்குப் போகும் பாதை இரட்டிப்பாகும். கிராஃபிக்ஸும் அதே பாதையில் போவதால் கேமுக்கு நேரடி லாபம். இரண்டுக்கும் மொத்த அளவு ஒன்றுதான். வேகம் ஒன்றல்ல.

சில கேம்கள் ஸ்லோவாகக்கூட ஓடாது, திறக்கவே மறுக்கும். 2003 கடைசியில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' அப்படி. அதற்கு 'பிக்சல் ஷேடர்' என்ற வசதி கார்டிலேயே இருக்க வேண்டும். 865ஜியில் அது இல்லை. 915ஜியில் பிக்சல் ஷேடர் வந்தது, ஆனால் முப்பரிமாணக் கணக்கின் இன்னொரு பாதியை ப்ராசஸர் தலையிலேயே கட்டியது. அப்போது கைகொடுத்தது '3டி அனலைஸ்' என்ற ஜெர்மன் நாட்டு இலவச மென்பொருள். இல்லாத வசதி இருப்பதாகக் கேமிடம் பொய் சொல்லும்! கேம் நம்பித் திறக்கும். சில நேரம் ஆடவும் முடியும். சில நேரம் இளவரசன் உடம்பில்லாமல் நடப்பான்.

ஃபார்மட் என்ற சர்வரோக நிவாரணி

கம்ப்யூட்டர் ஸ்லோ என்று சர்வீஸ்காரரைக் கூப்பிட்டால் அவர் கையில் இருக்கும் ஒரே மருந்து ஃபார்மட். அதிசயம் என்னவென்றால் அது பல நேரம் வேலை செய்தது. அதைவிட அதிசயம், இரண்டே மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி!

இதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. அன்றைய ஹார்ட் டிஸ்க்குகள் பட்டையான ஐ.டி.இ. கேபிளில் மாட்டப்பட்டிருக்கும். கேபிள் பழுதானாலோ மடங்கினாலோ தகவல் பிழையாகப் போய்ச் சேரும். இப்படி ஆறு முறை பிழை சேர்ந்தால் விண்டோஸ் எக்ஸ்பி அந்த டிஸ்க்கின் வேகத்தை ஒரு படி இறக்கிவிடும். இறங்கி இறங்கிக் கடைசியில் 'பி.ஐ.ஓ.' என்ற பழைய முறைக்கு வந்து நிற்கும். நொடிக்கு 100 எம்பி வரை போகக்கூடிய பாதை 16 எம்பி சொச்சத்துக்குச் சுருங்கும். அதோடு ஒவ்வொரு பைட்டையும் ப்ராசஸரே சுமக்க வேண்டும். விண்டோஸ் இதை யாரிடமும் சொல்லாது. திரும்ப ஏற்றவும் ஏற்றாது.

ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டால் கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும், வேகமும் திரும்பும். சர்வீஸ்காரருக்கு நல்ல பெயர். ஆனால் கெட்ட கேபிள் அதே இடத்தில்தான் இருக்கிறது. பிழைகள் மெல்லச் சேர, மறுபடி அதே கதை. ஒரு கேபிளை மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு எத்தனை வீடுகளில் கல்யாண போட்டோக்கள் அழிந்து போயிருக்கும்!

வேலை செய்யாத மருந்துகளும் ஏராளம். அதில் முதல் இடம் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'ரெஃப்ரெஷ்' கொடுப்பதற்கு. கேம் திறப்பதற்கு முன் சாமி கும்பிடுவது போலப் பத்துத் தடவை கொடுப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஐகான்களைத் திரும்ப வரைவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. மனசுதான் ரெஃப்ரெஷ் ஆகும்.

கத்திரி வெயிலும் பென்டியம் 4-ம்

வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதிகம் எழுதாத ஒரு நோய் இங்கே இருந்தது: சூடு. 2004-ல் வந்த 'பிரெஸ்காட்' வகை பென்டியம் 4 ப்ராசஸர்களில் சில 100 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கின. ஒரு குண்டு பல்பு எரிகிற சூடு, நகம் அளவு சில்லில்! தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள பென்டியம் 4-க்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. சூடு எல்லை மீறினால் இடையிடையே வேலையை நிறுத்தி நிறுத்தி ஓடும்.

மே மாதம், ஏசி இல்லாத அறை, ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி. அந்தப் புழுதி ஹீட்சிங்கில் கம்பளி போலப் படிந்திருக்கும். இதன் அடையாளம் தெளிவானது. கேம் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு திக்க ஆரம்பிக்கும். நிறுத்தி ஆறவைத்தால் மறுபடி பத்து நிமிடம் நன்றாக ஓடும். ரேம் போட்டாலும் தீராது, ஃபார்மட் செய்தாலும் தீராது. ஒரு பெயிண்ட் பிரஷும் கொஞ்சம் ஹீட்சிங்க் பேஸ்டும் போதும். டப்பாவின் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து ஆடிய வீடுகளும் உண்டு. கிண்டல் இல்லை, அது சரியான வைத்தியம்தான்.

இரண்டு வகை லேக்

வீட்டில் முடியாதவர்களுக்கு ப்ரௌசிங் சென்டர் இருந்தது. 2003-ல் வந்த 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6' அங்கே ராஜா. ஒரே அறைக்குள் லேனில் இணைத்து ஆடும்போது இணையம் தேவையில்லை. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த பிறகு வெளியூர் சர்வர்களிலும் ஆட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஒரு புதிய குழப்பம் வந்தது. ஸ்லோ என்பது இனி ஒன்றல்ல, இரண்டு.

படம் திக்கினால் அது மெஷின் கோளாறு. படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஆனால் சுட்ட குண்டு படவில்லை, எதிரி இங்கிருந்து அங்கே தாவுகிறான் என்றால் அது லைன் கோளாறு. முதலாவதற்கு ரெசல்யூஷனைக் குறைக்கலாம். இரண்டாவதற்கு ரெசல்யூஷனை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிக் காசைக் கரியாக்கியவர்கள் அதிகம்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு மரணம்

வணிகவியல் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. 2000-களில் வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு அனுமதித்த தேய்மானம் ஆண்டுக்கு 60 சதவீதம். கட்டடத்துக்கும் மேஜை நாற்காலிக்கும் 10 சதவீதம்தான். ஒரு ப்ரௌசிங் சென்டர்காரர் ரூ.25,000-க்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால், குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் வருட முடிவில் அதன் மதிப்பு ரூ.10,000. இரண்டாம் வருடம் ரூ.4,000. மூன்றாம் வருடம் ரூ.1,600. கணக்குப்படி மெஷின் செத்துவிட்டது. 2017-18 நிதியாண்டிலிருந்து இந்த விகிதம் 40 சதவீதமாகக் குறைந்தது. அப்படிப் பார்த்தாலும் மூன்று வருடத்தில் மிஞ்சுவது ரூ.5,400.

ஆனால் வீட்டுக்காரர்கள் தேய்மானம் எழுதுவதில்லையே! தூசி தட்டி, ரேம் கூட்டி, கேபிள் மாற்றி, அதே மெஷினை அண்ணனுக்குப் பின் தம்பி, தம்பிக்குப் பின் தங்கை என்று ஓட்டினார்கள். கணக்குப் புத்தகத்தில் ரூ.1,600 மதிப்புள்ள பொருளில்தான் ஒரு தலைமுறை கம்ப்யூட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று கற்றது. கேம் வேகமாக ஓடியிருந்தால் மூடியைக் கழற்றியே பார்த்திருக்க மாட்டார்கள்.

லேப்டாப் வந்தது

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். இலவச லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அப்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே அந்த மாவட்டம். (அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது.) எல்காட் வழியாக வாங்கப்பட்ட அந்த லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்து இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர்.

கிராஃபிக்ஸ் மறுபடியும் ஒண்டுக்குடித்தனம்தான். கூடவே ஒரு புதிய புகார்: "சார்ஜர் போட்டால் நல்லா ஓடுது, கழட்டினா ஸ்லோ ஆகுது." இது கோளாறே இல்லை. பேட்டரியைக் காப்பாற்ற லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மின்வெட்டுக் காலத்தில் பேட்டரியே கதி என்று இருந்தவர்களுக்கு 'பவர் ஆப்ஷன்ஸ்' எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியம் வந்தது. தேடினார்கள், கற்றார்கள்.

மூடியைக் கழற்ற முடியாத காலம்

பிறகு ஆட்டம் போனுக்குப் போனது. 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது, 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடையும் ஆனது. போன் ஸ்லோ ஆனால் என்ன செய்வது? ரேம் கூட்ட முடியாது, மூடியைக் கழற்ற முடியாது. புதுசு வாங்கு என்பதுதான் ஒரே வைத்தியம். டப்பா கம்ப்யூட்டரில் நோய்க்குக் காரணம் தேடிய இடத்தில், போனில் தவணைத் திட்டம் தேடுகிறோம்.

கம்ப்யூட்டரும் அதே பாதையில்தான் போகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட ப்ராசஸர் வேண்டும். அந்தப் பழைய இலவச லேப்டாப்கள் இதில் தேறாது. அவை ஓடாமல் போகவில்லை, தகுதிப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் புதுசு வரும்போது பழசு எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்விதான்.

பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றினால், டைப் அடிக்கவும் கணக்கு வேலையின் அடிப்படை பழகவும் ஒரு தங்கைக்கு இன்னும் மூன்று வருடம் போதும். வைஸ் சிட்டி? 2003-ன் கேம் அதற்கெல்லாம் இப்போது தூசு!

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். முதலில் தூசி, அடுத்து ரேம், அதற்கடுத்து டிஸ்க். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ரெஃப்ரெஷ் மட்டும் வேண்டாம்.